பம்பளிமாஸ் மரத்தின் வாக்குமூலம்

சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்ததும், பல் விளக்குவதற்கு முன்பே, புளிக்கவைத்த கவுனி அரிசிச் சோறு ஒரு கிண்ணம் தின்ன வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் பூச்சிகள் எல்லாம் அன்றைக்குத் தலையைத் தூக்குமாம். அந்த நேரம் பார்த்துப் புளிப்பும் போதையுமாக உள்ளே இறக்கினால் சொக்கி விழுந்து செத்துப்போகுமாம். நான் அன்று இரண்டு கிண்ணம் தின்றேன். என் வயிற்றில் பூச்சி இல்லை, பயம்தான் இருந்தது. அன்று உச்சிவேளையில் என் பம்பளிமாஸ் மரத்துக்கு விசாரணை.

எங்கள் ஊரில் காய்க்காத மரத்தைக் கேள்வி முறை இல்லாமல் வெட்டிவிட மாட்டோம். ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் அதைக் கூப்பிட்டு விசாரிப்போம். ஒருவர் மரத்தில் ஏறிக்கொள்வார், அவர்தான் மரம். இன்னொருவர் கீழே வெட்டுக்கத்தியோடு நின்று, கத்தியின் முதுகால் அடிமரத்தில் தட்டி, ஏன் காய்க்கவில்லை, வெட்டிப்போடட்டுமா என்று அதட்டுவார். மேலே இருப்பவர் நடுங்கிக்கொண்டே, வெட்டாதீர்கள் ஐயா, அடுத்த வருஷம் கிளை ஒடியக் காய்க்கிறேன் என்று கெஞ்ச வேண்டும். மரம் பிழைத்துக்கொள்ளும். பயத்தில் காய்க்கவும் செய்யும் என்பார்கள். மேலிருந்து சொல்வதெல்லாம் மரத்தின் பேச்சு. இறங்கி வந்த பிறகு அதை வைத்து யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

என் மரம் வருஷா வருஷம் இப்படிக் கெஞ்சியே பிழைத்து வந்தது. என் கணவர் டோவானின் தம்பி துங்தான் வழக்கமாக ஏறுவான். முதல் கவட்டையில் உட்கார்ந்துகொண்டு, தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி நாலு வார்த்தை முனகிவிட்டு இறங்கி லிச்சி தின்னப் போய்விடுவான். போன வருஷம் மட்டும் குடித்த கிறக்கத்தில் வாய் நீண்டு, அடுத்த வருஷமும் காய்க்காவிட்டால் என்னை வெட்டுங்கள் என்று மரத்தின் பேரில் சத்தியம் செய்து வைத்தான். டோவான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மரம் இருக்கும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, செங்கல் ஏற்றும் தன் மூன்று சக்கர வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. தெருவில் வெயிலில் நின்று நின்று வண்டியின் இருக்கை வெடித்துவிட்டது என்பது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மரம் என் பிறந்த வீட்டு மரத்தின் கிளையில் பதியம் போட்டு நான் மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தது. தாய்மரம் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் நிற்கிறது. இதையும் வெட்டினால் அந்த வம்சமே போச்சு.

காலையில் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார நேரம் இல்லை. அதற்கு முந்தின வாரம் மழை ஒரு போடு போட்டுவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு அடித்த வெயிலில் தோட்டம் வெறிபிடித்தது போல வளர்ந்து கிடந்தது. நேற்று விரல் நீளம் இருந்த பீர்க்கங்காய் இன்று முழங்கை நீளம். ஒருநாள் பறிக்காமல் விட்டால் நாராகிப் பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும். வள்ளைக்கீரையை அரிவாளால் அரிந்து கட்டிப் போட்டேன். குட்டிக் கத்திரிக்காயைக் காம்பு கிள்ளி, வெயிலில் வாட முறத்தில் பரப்பினேன். சாயங்காலம் உப்புநீரில் போட வேண்டும். சுரைக்கொடி பந்தலை விட்டுத் துணி உலர்த்தும் கம்பிக்குத் தாவி, டோவானின் கால்சட்டையைச் சுற்றிப் பிடித்திருந்தது. அதைப் பிரித்துவிடும்போது, நீயாவது அவரைப் பிடித்து வைத்துக்கொள் என்று சொன்னேன்.

அவர் கிணற்றடியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கத்தியின் முதுகால் தட்டுவதற்கு எதற்குத் தீட்ட வேண்டும் என்று கேட்டேன். அவர் சீட்டியடித்தார். நடுவில் நிறுத்தி, மரம் அறுக்கும் மெஷின்காரரை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

அந்த நேரம் பார்த்துத் துங்கிடமிருந்து போன் வந்தது. வேலை செய்யும் இடத்தில் விடுப்பு கிடைக்கவில்லை, ஹனோயிலிருந்து கிளம்ப முடியாது என்றான். டோவானுக்கு வாயெல்லாம் பல்.

"ஏறுறதுக்கு ஆள் இல்ல. பதில் சொல்ல ஆள் இல்லாத மரம் குத்தத்தை ஒத்துக்கிட்ட மரம்தான?" என்றார்.

"நான் ஏறுறேன்" என்றேன்.

அவர் என் உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கிளை தாங்குமா என்று மரத்திடம் கேட்டார்.

ஐந்தாம் நாள் உச்சியில் பறித்த இலைக்கு மருந்துக்குணம் அதிகம் என்பதால், பதினொரு மணிக்கெல்லாம் தெருப்பெண்கள் கூடையோடு என் தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். எலுமிச்சம்புல், மாசிபத்திரி, கொய்யாத் துளிர், எல்லாம் என்னிடம் உண்டு. உலர்த்தி வைத்து வருஷம் முழுக்கக் காய்ச்சிக் குடிப்பார்கள். நான் ஏறப்போகிறேன் என்ற செய்தி பரவியதும் இலை பறிக்கும் சாக்கில் ஆண்களும் வந்து நின்றார்கள். பெண் ஏறினால் காய் புளிக்கும் என்று ஒருவர் சொன்னார். காயே இல்லாத மரத்தில் எது புளிக்கும் என்று இன்னொருவர் கேட்டார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

எல்லாரிலும் அதிகமாகப் பதறியது தேம் அக்காதான். பக்கத்து வீட்டுக்காரி, தனிக்கட்டை. அவள் வீட்டில் தோட்டம் என்று சொல்ல ஒரு பாய் விரிக்கும் இடம்கூட இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே கண்ணாடிச் சில்லு பதித்த உயரமான மதில். அவளுடைய அடுப்படித் தகரக் கூரை அந்த மதிலை ஒட்டி இருக்கும். என் தோட்டத்தில் பாதிநேரம் இருப்பவள் அவள். என் கீரையில் பாதி அவள் சட்டியில் வேகும், அவள் பிடிக்கும் நண்டில் பாதி என் சட்டியில் வேகும். எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு மறக்காமல் இரண்டு பம்பளிமாஸ் கொண்டுவந்து தருவாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தங்கை வீட்டு மரம் என்பாள். முதல் தடவை ஒரு சுளை வாயில் போட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அப்படியே என் அப்பா வீட்டுப் பழத்தின் ருசி. அந்த மரத்தில் ஒரு பதியம் போட்டுத் தரச் சொல்லக்கா என்று அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நச்சரித்தேன். அடுத்த வருஷம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு நண்டு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அந்த தேம் அக்கா இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முள் குத்தும், கிளை ஒடியும், நான் ஏறுகிறேன், நான் மெலிந்தவள் என்றாள். உன் முட்டிவலிக்கு நீ நாற்காலியில் ஏறினாலே பெரிய விஷயம் என்று சொல்லிக் கையை உதறிவிட்டு ஏணியை வைத்தேன். இவளுக்கு நம்மேல் எவ்வளவு பாசம் என்று நெஞ்சு நெகிழ்ந்தது.

கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஏறினேன். முதல் கவட்டையில் உட்காரலாம் என்றால் அங்கே செவ்வெறும்புக் கூடு. கடித்த கடியில் என்னை அறியாமல் அடுத்த கிளைக்குத் தாவினேன். அங்கேயும் துரத்திவந்தன. முள் சட்டையைக் கிழித்தது, கீழே கைதட்டினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, துங் ஒருநாளும் ஏறாத உச்சிக்கு ஏறி, இலைக்கூட்டத்தைப் பிளந்துகொண்டு தலையை வெளியே நீட்டினேன்.

முகத்தில் அறைந்தது போல வெயில். மரத்தின் எங்கள் பக்கத்தில் இந்த வெயில் விழுவதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மரம் வைத்த அதே வருஷம் டோவான் மாடி எடுத்தார். அந்த மாடி மரத்தின் இந்தப் பக்கத்தைக் காலையிலிருந்து மாலைவரை நிழலில் போட்டு வைத்திருந்தது. மரம் என்ன செய்யும், மதிலுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டியிருந்தது. தேம் அக்காவின் தகரக் கூரைமேல் பெரிய கிளை ஒன்று நீண்டு கிடந்தது. கிளை கூரையில் உரசாமல் இருக்க மூங்கில் கவட்டை வைத்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதில் வரிசையாகச் சாக்குத் துண்டில் பொதிந்த உருண்டைகள். ஒரு பொதியின் வாய் திறந்திருந்தது. உள்ளே கும்மென்று பச்சைப் பம்பளிமாஸ், குழந்தைத் தலை அளவுக்கு.

எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். பொதிகளைக் கட்டியிருந்த நாடா ஊதாப்பூப் போட்ட துணி. போன வருஷம் தேம் அக்காவுக்கு நான் தைத்துக் கொடுத்த சட்டையில் மிஞ்சிய துணி.

அக்கரைத் தங்கை வீட்டு மரம். என் மரத்துப் பழத்தை எனக்கே கொடுத்து, என்னை அழவும் வைத்து, நன்றியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். என் மரத்தில் பதியம் போட்டுத் தா என்று நானே அவளிடம் பிச்சை கேட்டிருக்கிறேன்.

கீழே கத்தி மரத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

"ஏ மரமே, சொல்லு. ஏன் காய்க்கல?" டோவானின் குரல் நாடகக்காரர் குரல் மாதிரி இருந்தது. "போன வருஷம் என்ன சத்தியம் பண்ணுன? இன்னைக்கு வெட்டட்டுமா, வேண்டாமா?"

என் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, திருடி. கீழே பார்த்தேன். எல்லாரும் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேம் அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கவுனிக் கிண்ணம் சாய்ந்து காலில் ஒழுகுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தெருவே கூடியிருக்கிறது, சொல்லிவிட்டால் அவள் இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நடக்க வேண்டாம், எனக்கென்ன என்றுதான் நினைத்தேன். நான் கோபக்காரி, அதில் மறைக்க ஒன்றுமில்லை.

சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் பொதிகளுக்கு நடுவே உருண்டையாக இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. பென்சில் பருமனுள்ள ஒரு கிளையில் பட்டையை உரித்து, மண்ணை உருட்டி வைத்து, கண்ணாடித் தாளால் சுற்றி, அதே ஊதாப்பூ நாடாவால் இரண்டு பக்கமும் கட்டியிருந்தது. தாளுக்குள் வெள்ளை வேர்கள் மண்ணைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

பதியம். வேர் இவ்வளவு விட்டிருந்தால் டெட் புத்தாண்டுப் பண்டிகை முடிந்ததுமே போட்டிருக்க வேண்டும். டெட் முடிந்த கையோடுதான் டோவான், இந்த வருஷம் இந்த மரம் போய்ச் சேரும் என்று முற்றத்தில் நின்று சத்தமாகச் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. கேட்டவள் முட்டிவலியோடு தகரக் கூரையில் ஏறியிருக்கிறாள்.

திருடியைத் திட்டலாம். திருடிய மரத்துக்கு வாரிசு வளர்க்கும் திருடியை எந்த வார்த்தையில் திட்டுவது? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன, மரத்துக்கு வாய் அடைச்சுப்போச்சா?" என்று டோவான் மறுபடி தட்டினார்.

"ஐயா, வெட்டாதீங்க" என்று ஆரம்பித்தேன். குரல் நடுங்கியது, நடிப்பு இல்லை. "நான் சோம்பேறி இல்லீங்க ஐயா. நீங்க மாடி கட்டி என் வெயிலை எல்லாம் மேல தூக்கி வெச்சுக்கிட்டீங்க. இருட்டுல நிக்க வெச்சுட்டு ஏன் காய்க்கலைனு கேக்குறீங்க. உங்க பொண்டாட்டியை இருட்டு அறையில பூட்டிட்டுச் சோறு எங்கடினு கேட்டா அவ சும்மா விடுவாளா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டோவானும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் சாக்கு. வருஷா வருஷம் வாக்குத்தான் குடுக்குற" என்றார். அந்த நேரம் வாசலில் மெஷின்காரர் வண்டியை நிறுத்தி, மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்த வருஷம் எட்டாம் மாசப் பௌர்ணமிக்கு உங்க கையில பழம் இருக்கும். இல்லைனா நானே விழுந்துடுறேன்" என்றேன். பிறகு தேம் அக்காவை நேராகப் பார்த்துச் சொன்னேன். "ஒரு குட்டியும் போடப்போறேன். வேர் விட்டாச்சு."

தேம் அக்கா தலையைத் தூக்கினாள். நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குப் புரிந்தது, நான் சொல்லப்போவதில்லை என்பதும். முகம் என்னென்னவோ ஆனது. அடுத்த நொடி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கத்திக்கும் மரத்துக்கும் நடுவே போய் முதுகை மரத்தில் சாய்த்து நின்றுகொண்டாள்.

"இதுக்கு நான் ஜாமீன். பௌர்ணமிக்குப் பழம் வரலைனா என் அடுப்படியை இடிச்சுட்டு அங்க உன் வண்டியை நிறுத்திக்க, தம்பி" என்றாள்.

மரத்துக்கு ஜாமீன் நிற்கும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் கேட்க நன்றாக இருந்ததால் எல்லாரும் செல்லும் என்று கத்தினார்கள். டோவான் சுற்றிலும் பார்த்தார். ஊரே மரத்தின் பக்கம் நின்றது. உச்சிப்பொழுதும் சாய ஆரம்பித்திருந்தது, அதற்குமேல் விசாரணை நடத்த முடியாது. கத்தியைத் தரையில் போட்டார். மெஷின்காரருக்கு ஒரு கொத்து லிச்சியும் ஒரு கிண்ணம் கவுனியும் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

எல்லாரும் இலைக்கூடையோடு போன பிறகு தேம் அக்கா என் முதுகில் இருந்த முள்ளை ஊசியால் எடுத்தாள். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். ஊசியை ஆழமாகவே குத்தினாள்.

"மொத வருஷம் ஒண்ணே ஒண்ணுதான் காய்ச்சுது. தின்னு முடிச்ச பிறகுதான் இது யாரு வீட்டு மரம்னு யோசிச்சேன்" என்றாள். "அடுத்த வருஷம் சொல்லலாம்னு பழத்தை எடுத்துட்டு வந்தேன். வாயைத் திறந்தா தங்கச்சி வீட்டு மரம்னு வந்துடுச்சு. நீ வேற அதைத் தின்னுட்டு அழுத. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

திட்டினேன். முள் எல்லாம் எடுத்து முடியும்வரை விடாமல் திட்டினேன், அவளும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு இருவரும் உட்கார்ந்து கத்திரிக்காயை உப்புநீரில் போட்டோம்.

அந்தக் கோடை முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பீர்க்கை முடிந்து பூசணி வந்தது, மிளகாய் சிவந்தது, நான் மதிலைப் பார்த்துக்கொண்டே பறித்தேன். பதியத்தை வெட்டி மண்தொட்டியில் வைத்து மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அது என்ன செடி என்று டோவான் கேட்டபோது, மரம் போட்ட குட்டி என்றேன். உளறாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கே வெளிச்சம் போதாமல் அது இரண்டு இலையை உதிர்த்தது. எனக்கு வேறு இடம் தோன்றவில்லை.

எட்டாம் மாதப் பௌர்ணமியன்று காலையில் தேம் அக்கா கூடை நிறையப் பழத்தோடு வாசல் வழியாக வந்தாள். விடியற்காலையில் பறித்தோம், எல்லாம் உன் மரத்துப் பழம்தான், ஜாமீனிலிருந்து என்னை விடு தம்பி என்று டோவானிடம் சொன்னாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கத்திக்கு இருக்கிற பயம் வேறு எதற்கும் இல்லை பார்த்தாயா என்று கத்தியைத் தட்டிக்கொடுத்தார். அதே கத்தியால் ஒரு பழத்தை அறுத்து, தோலை உரித்து, சுளையை வாயில் போட்டார்.

இரண்டாவது சுளையில் மெல்லுவது நின்றது.

"இது அக்காவோட தங்கச்சி வீட்டுப் பழமாச்சே" என்றார்.

வருஷா வருஷம் அவரும்தானே தின்றார். அவர் எழுந்து ஏணியை எடுத்து மரத்தில் சாத்தி, எறும்பையும் முள்ளையும் பொருட்படுத்தாமல் உச்சிவரை ஏறினார். இலைகளுக்கு மேலே அவர் தலை வெகுநேரம் அசையாமல் இருந்தது. தேம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கி வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. நேராக மாடிப்படிக்குக் கீழே போய், மண்தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறினார். தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். அவர் மொட்டைமாடியின் நடுவில், நிழலே படாத இடமாகப் பார்த்துத் தொட்டியை இறக்கி வைத்தார். ஒரு செங்கல்லை எடுத்து ஆடாமல் முட்டுக்கொடுத்தார்.

"மரம் சொன்னது சரிதான். வெயில் எல்லாம் இங்கதான் கிடக்குது" என்றார்.

நான் சொல்லியிருந்தால் அந்தக் காதில் ஏறியிருக்காது. மரம் சொன்னதால் ஏறியது. மேலே தண்ணீர் இல்லையே என்று கீழே எட்டிப் பார்த்தேன். தேம் அக்கா அதற்குள் வாளியோடு படியேறிக்கொண்டிருந்தாள், ஒரு கையால் முட்டியைப் பிடித்தபடி.